வெறும் அறைச் சத்தம்

மாற்றி முடித்த எம்பி4 கோப்பில் இசக்கிசெல்வியின் கேள்வியை மட்டும் காணோம்.

தறி முதலாளி மருதப்பன் சிரிக்கிறார், சட்டென்று முகம் சுண்டுகிறது, தண்ணீர் குடிக்கிறார். "தறிச் சத்தத்துல காது போன பொம்பளைகளுக்கு நீங்க என்ன செஞ்சிய அண்ணாச்சி?" என்று அவள் கேட்ட இடத்தில் சுத்தமான மௌனம். அவர் ஷெட்டில் தறி ஓட்டித்தான் அவள் அம்மா செவிடானாள். இந்த ஒரு கேள்வியை ஊர் கேட்கவேண்டும் என்பதற்காகத்தான், புருஷனுடைய பாட்காஸ்டுக்கு இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு கேமரா பிடித்தாள். இன்றுதான் கெஞ்சிக் கூத்தாடி பேட்டி மேசையருகே தனக்கும் ஒரு நாற்காலி வாங்கினாள்.

சங்கரன்கோவிலில் ஜன்னலைச் சாத்திப் போர்வையைத் தொங்கவிட்டாலும் தறியின் கடகடப்பு உள்ளே வந்துவிடும். அதனால் விருந்தாளி வருமுன் வெறும் அறையைக் கொஞ்ச நேரம் பதிவு செய்துகொள்வார்கள். இந்தச் சத்தம் வேண்டாம் என்று அதை மாதிரியாகக் காட்டினால், கோப்பை மாற்றும்போதே மென்பொருள் அதைக் கழித்துவிடும். இன்று மாதிரி எடுத்தவள் அவள்தான். படபடப்பில், பதிவு ஓடுவதை மறந்து, அதே கேள்வியை முணுமுணுத்துப் பழகிக்கொண்டிருந்தாள்.

மென்பொருள் அவள் கேள்வியையும் வேண்டாத சத்தமாக எடுத்துக் கழித்துவிட்டது என்று புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். நல்லவேளை, கேமராவிலிருந்து வந்த பெரிய எம்ஓவி கோப்பு இருக்கிறது. சத்தம் கழிப்பதை நிறுத்திவிட்டு மறுபடி மாற்றினால் போயிற்று.

"ஏட்டி, மாத்திட்டியா?" அடுத்த அறையிலிருந்து புருஷன் காளிராஜ்.

"இன்னொரு தடவ போடுதேங்க."

இந்த முறை அவளே இல்லை. நீல நாற்காலி, பின்னால் சுவர். நாற்காலி மெத்தை மட்டும் ஆள் உட்கார்ந்தது போல அமுங்கியிருந்தது. அதே நாற்காலியில்தான் இப்போதும் உட்கார்ந்திருந்தாள். எம்ஓவியைத் திறந்தாள். அதில் இருந்தாள். வாய் அசைந்தது, குரல் இல்லை. பார்க்கப் பார்க்கக் கன்னத்தின் வழியே சுவரின் காரை தெரிந்தது.

"என்னங்க! இங்கன வாங்களேன்!"

"மாத்திட்டியான்னு கேக்கேம்லா?"

"வாங்கன்னு சொல்லுதேன்லா!" தொண்டை கிழியக் கத்தினாள்.

"எங்க போய்த் தொலைஞ்சா இவ?"

அப்போதுதான் கவனித்தாள். போர்வை விலகிய இடத்தில் எதிர் ஷெட் தெரிந்தது. தறி ஓடுகிறது. சத்தம் இல்லை. மேசையை ஓங்கி அறைந்தாள். கை வலித்தது. சத்தம் இல்லை.

எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

காளிராஜ் உள்ளே வந்தான். அவளைத் தாண்டித் திரையைப் பார்த்தான். ஓடவிட்டான். முகம் மலர்ந்தது.

"இப்பதான் சுத்தமா வந்திருக்கு."

குனிந்து எம்ஓவியை அழித்தான். ஆடியோவாக மட்டும் இன்னொரு கோப்பு எடுக்க எம்பி3-ஐத் தேர்ந்தெடுத்தான். வேண்டாம் என்றாள். கையைப் பிடித்தாள். பூச்சி ஊர்ந்தது போல அவன் கையைச் சொறிந்துகொண்டான்.

பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். அவள்மேல். மடியில் கனமே இல்லை. வசதியாக இருக்க இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்ந்தான். அவன் பின்னந்தலை அவள் முகத்துக்குள் இறங்கியது.