முதல் பத்திரிகை

சாமி அலமாரியில் காலையில் வைத்த காதுகுத்துப் பத்திரிகை, சாயங்காலம் திரும்பி நின்றது.

விளக்கேற்ற வந்த ரூபா முதலில் பல்லியைத்தான் திட்டினாள். ஏழுமலையான் படத்தில் சாய்த்து, மகள் ஹர்ஷினியின் முகம் வெளியே தெரியும்படி அவளே வைத்த அட்டை அது. இப்போது குழந்தையின் முகம் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அட்டையின் முதுகுதான் வெளியே தெரிந்தது. நாலு மூலையிலும் தடவிய மஞ்சள் பின்பக்கம் வரை ஊறியிருந்தது. வீட்டில் பொட்டுக் காற்று இல்லை. மழைக்கு முந்தைய இறுக்கத்தில், இரண்டு தெரு தள்ளியிருக்கும் மாம்பழக்கூழ் கம்பெனியின் இனிப்பு வாடை திரைச்சீலை, தலையணை, துண்டு என்று எல்லாவற்றிலும் ஏறி உட்கார்ந்திருந்தது. அட்டையைத் திருப்பி வைத்துவிட்டு விளக்கை ஏற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. முந்தாநாள் திருமலையில் மொட்டை போட்டு, சந்தனம் பூசி, சித்தூர் பஸ்ஸில் குழந்தையை மடியில் தூங்க வைத்துக்கொண்டு வந்தார்கள். இன்று மதியம் கணவன் தணிகைவேல் கார்வேட்டிநகரத்துச் சொந்தங்களுக்குப் பத்திரிகை வைக்கக் கிளம்பிவிட்டான். நாற்பது பத்திரிகைகள். அத்தனையும் ரூபா கையால் வெட்டி, மடித்து, ஒட்டியவை.

நகரி தறிக்காரர் வீட்டுப் பெண். கை சும்மா இருந்தால் மனசு ஊர் சுற்றப் போய்விடும் என்பாள். வாழ்த்து அட்டை, காகிதப் பூ, மணி கோத்த தோடு, மணி ஆரம் என்று வீட்டில் ஒரு அலமாரி முழுக்க அவளுடைய சாம்ராஜ்யம். கத்தரிக்கோலும் பசையும் உன்னோடு கூடப் பிறந்ததா என்று தணிகைவேல் கேலி செய்வான். ஒரு பூவைப் பிய்க்கப் பார்த்துத் தோற்றவனும் அவன்தான். ரூபா ஒட்டினால் ஒட்டினதுதான், பிரியாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

கனமான அட்டையெல்லாம் சுரேஷ்பாபுவின் அச்சகத்திலிருந்து வருவது. அச்சில் பிழையானதும் மிஞ்சியதுமான பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கட்டுக் கட்டாகக் கொடுப்பான். அச்சடித்த பக்கத்தை அவள் பார்ப்பதேயில்லை. யாரோ ஒருவர் வீட்டு மாப்பிள்ளை பேரைப் படித்து அவளுக்கு என்ன ஆகப்போகிறது? கவிழ்த்துப் போட்டு, வெறுமையான பின்பக்கத்தில் பென்சிலால் முட்டை வடிவம் வரைந்து, ஓரம் அலை அலையாக விழும் கத்தரியால் நடுவை வெட்டி எடுப்பாள். அந்த வில்லையின் மேல் ஹர்ஷினியின் படம். அதைத் தூக்கி வண்ண அட்டையில் ஒட்டினால் பத்திரிகை தயார். முதல் பத்திரிகை சாமிக்கு என்பதால், கட்டிலேயே ஒசத்தியாக, தந்த நிறத்தில் ஒன்றே ஒன்று இருந்த அட்டையை எடுத்து அதற்கு வில்லை வெட்டினாள்.

அந்தப் பத்திரிகைதான் திரும்பி நின்றது.

விளக்கை ஏற்றிவிட்டுக் கூடத்துக்கு வந்தபோது ஹர்ஷினி மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஐந்து வயசுக் குழந்தை, கோபம் வந்தால் அப்படி உட்காருவது வழக்கம்தான். ஆனால் கோபத்துக்கு இன்று காரணம் எதுவும் இல்லை. மதியம் தூங்கும்போதும் சுவர்ப்பக்கம் திரும்பித்தான் படுத்தாள். இரண்டு முறை தன் பக்கம் திருப்பிப் போட்டபோதும், தூக்கத்திலேயே உருண்டு மறுபடி சுவருக்கே போனாள். உஷ்ணத்துக்காக மதியம் மறுபடி பூசிய சந்தனம் மொட்டைத் தலையின் பின்பக்கம் காய்ந்து வெளுத்திருந்தது.

டிக். டிக். எவர்சில்வர் தட்டில் மணி உருளும் சத்தம். குழந்தை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தது. பின்னால் தட்டு இருந்தது. தட்டில் ரூபாவின் சிவப்பு மணிகளும் வெள்ளை மணிகளும். சின்ன விரல்கள் ஒரு மணியைத் தேர்ந்தெடுத்தன, ஊசியைத் திருப்பின, கோத்தன. அடுத்து வெள்ளை. அடுத்து சிவப்பு. அடுத்து வெள்ளை. ஒருதரம்கூடத் தடவிப் பார்க்கவில்லை, தப்பாக எடுக்கவுமில்லை.

"சுவத்துல இன்னாடா பாக்குறே கண்ணு?"

"ஒண்ணும் பாக்கலம்மா. இங்க இருட்டா கீது."

ரூபா அருகில் போய் உட்கார்ந்து ஆரத்தின் முனையைத் தூக்கிப் பார்த்தாள். மணிக்கு மணி நடுவே நூலை இரண்டு சுற்று சுற்றி ஒரு முடிச்சு போட்டிருந்தது. அந்த முடிச்சு ரூபாவுக்கே தெரியாது. அவள் பூச்சரம் கட்டுவது போல ஒற்றை முடிச்சுதான் போடுவாள். இது யாரோ பழகின கை போட்டது. பொறுமையான, வயசான கை. யாரு சொல்லிக் கொடுத்தாங்க என்று கேட்டாள். குழந்தை அடுத்த மணியை எடுத்தது. தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். ஹர்ஷினியின் முகம்தான், அதே மூக்கு, அதே ஈறு தெரிகிற பல். ஆனால் தூங்கி எழுந்ததுபோல் கண் எங்கேயோ இருந்தது. விட்டதும் மெதுவாகத் திரும்பி மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ரூபா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தணிகைவேலுக்குப் போன் போட்டாள். புத்தூர் பக்கம் மழை, பஸ் கிடைக்கவில்லை, எட்டு மணி ஆகும் என்றான். குழந்தையைப் பற்றி என்னவென்று சொல்வது? சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்றால் சிரிப்பான். சீக்கிரம் வாங்க என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

சமையலறைக்குப் போகும் வழியில் சாமி அலமாரியைப் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் பார்த்தாள்.

பத்திரிகை திரும்பியிருந்தது.

விளக்குச் சுடர் ஆடாமல் அசையாமல் நின்றது. காற்றில்லை. பல்லியில்லை. அட்டையை எடுக்கக் கை போகவில்லை. ஏன் இந்த ஒரு பத்திரிகை மட்டும்? இது எந்த அட்டையில் வெட்டியது? தந்த நிறம். மிச்சம் வெட்டுக் காகிதப் பெட்டியில்தான் இருக்கும்.

பெட்டியைத் தரையில் கொட்டினாள். இளஞ்சிவப்பு, மஞ்சள், இளஞ்சிவப்பு, அடியில் தந்த நிறம். புரட்டினாள். உச்சியில் திருநாமம், சங்கு, சக்கரம். இந்த ஊரில் எந்தப் பத்திரிகையைத் திருப்பினாலும் இருப்பதுதான். அதற்குக் கீழே தெலுங்கில் பெரிய எழுத்தில் இருந்ததை அவள் எழுத்துக் கூட்டவே வேண்டியதில்லை, பள்ளிக்கூடம் முழுக்கத் தெலுங்கில் படித்தவள்தான். வைகுண்ட சமாராதனை. சுற்றிலும் கறுப்பு ஓரம். தேவசேனா, வயது 41. பிறந்த தேதி. இறந்த தேதி. நடுவில் படம் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. முட்டை வடிவம். ஓரம் அலை அலையாக.

கருமாதிப் பத்திரிகை.

படித்த கையோடு கிழித்து வாசலுக்கு வெளியே எறிய வேண்டியது. வீட்டுக்குள் ஒரு ராத்திரிகூடத் தங்கக் கூடாது. எந்தக் குடித்தனத்திலும் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்தது. ரூபா அதை மூன்று வாரம் வீட்டில் வைத்திருந்தாள். கிழிக்கவில்லை, அழகாக வெட்டினாள். அந்த முகத்தின் முதுகில் தன் மகளின் முகத்தை ஒட்டினாள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவினாள், வா என்று அழைப்பதற்குத் தடவுகிற மஞ்சள். நல்ல நேரம் பார்த்து, விளக்குக்கு முன்னால் வைத்து, எங்கள் வீட்டுக்கு வந்து குழந்தையை ஆசீர்வாதம் பண்ணு என்று கை கூப்பினாள்.

சுரேஷ்பாபுவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, அது எப்டி அந்தக் கட்டுல வந்துச்சோ தெர்லக்கா," என்றான் அவன். "பாகாலா ஊர்க்காரங்க கார்டு அது. கிழிச்சி வெளிய கடாசிடுங்க, அவ்ளோதான்."

"கிழிக்காம வெச்சிருந்தா?"

"சாவு கார்ட யாருக்கா வூட்ல வெப்பாங்க? மஞ்ச கிஞ்ச தடவி வெச்சிட்டீங்களா இன்னா?"

சிரித்தான். ரூபா போனை வைத்துவிட்டாள்.

மிச்ச அட்டையை நாலாக, எட்டாக, பதினாறாகக் கிழித்தாள். செருப்புகூடப் போடாமல் ஓடி, தெருச் சாக்கடையில் எறிந்தாள். பெரிய பெரிய துளியாக மழை ஆரம்பித்திருந்தது. துண்டுகள் மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மூச்சு கொஞ்சம் சீராக வந்தது. ஆனால் வெளியே போனது கறுப்பு ஓரமும் பேரும் தேதியும்தான். முகம் உள்ளே இருக்கிறது. முகத்தைக் கிழித்தால்தான் போகும்.

உள்ளே வந்து பத்திரிகையை எடுத்தாள். இரண்டு கை விரலாலும் வில்லையின் மேல் ஓரத்தைப் பிடித்தாள். கிழித்தாள். நகத்தின் அகலம்தான் கிழிந்தது.

கூடத்தில் ஹர்ஷினி அலறினாள்.

ஓடினாள். குழந்தை அதே மூலையில். அதே சுவர். திருப்பினாள். நெற்றியில், சந்தனம் முடியும் இடத்தில், நகத்தின் அகலத்துக்கு ஒரு கீறல். ரத்தம் பொட்டுப் பொட்டாக வந்தது. ஹர்ஷினி அழவில்லை. பார்வை அங்கேயே இல்லை. விட்டதும் திரும்பிக்கொண்டது.

ரூபாவுக்குத் தன் கையைப் பார்க்கவே பயமாக இருந்தது. அட்டை இன்னும் அந்தக் கையில்தான் இருந்தது. கிழித்தால் குழந்தை கிழியும். கிழிக்காவிட்டால் அந்தத் தேவசேனா போகமாட்டாள். அவளை யார் வரச் சொன்னது? நான். நான்தானே. என் பிள்ளையின் முதுகில் கொண்டுவந்து ஒட்டியதும் நான்தான்.

பிரிக்க வேண்டும். கிழிக்காமல் பிரிக்க வேண்டும். முதலில் வில்லையை வண்ண அட்டையிலிருந்து எடுக்க வேண்டும். பிறகு குழந்தையின் படத்தை வில்லையிலிருந்து. வெந்நீர் ஆவியில் காட்டினால் பசை இளகும். மெல்லிய கத்தி வேண்டும், பொறுமை வேண்டும். இந்த வீட்டில் இதைச் செய்யத் தெரிந்தவள் ஒருத்திதான். அலமாரிக்குப் போய் அட்டை வெட்டும் கத்தியை எடுத்தாள்.

"கத்தி எதுக்கும்மா?"

ரூபா நின்றாள்.

ஹர்ஷினி சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாள். முதுகு இந்தப் பக்கம். கைகள் பின்னால். டிக். டிக். மணி கோத்துக்கொண்டிருந்தது.

"நீ அந்தாண்ட திரும்பிக்கினு கீறியே," என்றாள் ரூபா. குரல் யாருடையதோ போல இருந்தது. "கத்தி எப்டிடா தெரியுது?"

அடுத்த மணி நூலில் ஏறியது.

அடுப்பில் தண்ணீர் கொதித்தது. ஆவியில் அட்டையைக் காட்டினாள். மஞ்சள் வாடை எழுந்தது, அதோடு பசை வாடை. அதற்கும் அடியில் வாடிப்போன ரோஜா மாலையின் வாடை. கத்தியை ஓரத்தில் நுழைத்தாள். அழுத்தவில்லை. கூடத்தில் சத்தமில்லை. இன்னும் கொஞ்சம். சத்தமில்லை. பெருமாளே, இன்னும் கொஞ்சம். வில்லை வண்ண அட்டையிலிருந்து முழுசாகக் கழன்று உள்ளங்கையில் விழுந்தது. மேல் பக்கம் ஹர்ஷினி, ஈறு தெரியச் சிரித்துக்கொண்டு.

புரட்டினாள்.

சிரத்தையாக அச்சடித்த மாலை இருந்தது. பட்டுப்புடவையின் தோள் இருந்தது. கழுத்து இருந்தது, கழுத்தில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு மணி ஆரம்.

கழுத்துக்கு மேல் வெறும் காகிதம்.

முகம் இல்லை.

பிய்ந்துபோன தடம் இல்லை. மை கரைந்த கறை இல்லை. வெள்ளைக் காகிதம். எழுந்து போனதுபோல.

கூடத்தில் மணிச் சத்தம் நின்றது.

ரூபா கூடத்து நிலைப்படியில் வந்து நின்றாள். உள்ளே காலை வைக்க முடியவில்லை. கத்தி எங்கேயோ விழுந்தது. மழை இரைச்சலில் அது விழுந்ததே கேட்கவில்லை. ஹர்ஷினியின் மொட்டைத் தலையின் பின்பக்கம் டியூப்லைட் வெளிச்சத்தில் வெளுத்துத் தெரிந்தது. சந்தனத்தில் ஒரு விரிசல். வளைந்து வளைந்து போனது. அலை அலையாக. முட்டை வடிவம். சுற்றி வந்து, ஆரம்பித்த இடத்திலேயே முடிந்தது.

நடுவில் சந்தனம் உதிர்ந்தது. ஒரு சில்லு. இன்னொரு சில்லு.

"ம்மா," என்றது குழந்தை. சுவரோடு பேசுவதுபோல, ரொம்பத் தூரத்திலிருந்து. "என்ன இந்தாண்ட திருப்பும்மா. எனக்கு சுவுறுதான் தெரியுது."

ரூபா ஓடினாள். மண்டியிட்டாள். இரண்டு கன்னத்தையும் பிடித்துத் திருப்பினாள். வரவில்லை. தோளோடு திருப்பினாள். வரவில்லை. ஒட்டியிருந்தது. எங்கேயோ எதனோடோ கெட்டியாக ஒட்டியிருந்தது. ரூபா ஒட்டினது.

வாசலில் தணிகைவேல் கதவைத் தட்டினான். ரூபா, கதவத் தெற, நனைஞ்சிக்கினு கீறேன் என்றான்.

குழந்தையின் கைகள் மணி ஆரத்தைத் தூக்கின. நிதானமாக. முழங்கை மடங்கக் கூடாத பக்கம் மடங்கியது. கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, முடிச்சு சுவர்ப்பக்கம் போக, சிவப்பும் வெள்ளையுமான மணிகள் முதுகுப் பக்கம் அழகாகத் தொங்கும்படி மாட்டின. ஒரு மணியை விரலால் நேராக்கின.

கடைசிச் சந்தனமும் உதிர்ந்தது. இரண்டு இமைகள். நாற்பத்தொரு வயசு இமைகள். அவை திறந்தன. நேரத்தோடு விசேஷத்துக்கு வந்துவிட்ட விருந்தாளி வீட்டுக்காரியைப் பார்ப்பதுபோல், அவை ரூபாவைப் பார்த்தன. அதற்குக் கீழே உதடு மெல்லப் பிரிந்து சிரித்தது.

அந்தப் பக்கம், சுவரில் முகம் பதித்துக்கொண்டு, ஹர்ஷினி அழ ஆரம்பித்தாள்.