வள்ளியை அழித்த முந்தானை

மழைக்குப் போக்கிடம் இல்லை போலும்... பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி முடித்துக் காளிகாட் கோயிலுக்கு வந்த ஜலஜாவின் தலையில்தான் அன்று கொட்டித் தீர்த்தது. எதிரே தெரிந்த படக்கடைக்குள் ஓடி நுழைந்தவள், நனைந்த முந்தானையை உதறினாள்.

"ஐயையோ! என் வள்ளி போச்சே!"

தமிழ்! கல்கத்தாவில், அதுவும் காளிகாட் சந்தில்! திகைத்துத் திரும்பினாள். கையில் தூரிகையோடு ஓர் இளைஞன். கோபமாகப் பார்க்கத்தான் முயன்றான். ஆனால் அந்தப் பெரிய கண்களுக்குக் கோபம் பழக்கமில்லை. தரையில் காயாத படம்... நடுவே மயில்மேல் முருகன், ஒரு பக்கம் தெய்வானை. மறு பக்கம் வெறும் பச்சைக் குழம்பு.

"மன்னிச்சுக்கோங்க... ஆமா, இதை யார் வாங்குறாங்க?"

"ஒருத்தரும் வாங்கலை. அதான் எனக்கும் புரியலை."

இந்த ஊரிலேயே வளர்ந்த ஜலஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இங்கே முருகனுக்குப் பேர் கார்த்திக், கட்டைப் பிரம்மச்சாரிங்க! அவருக்கு ரெண்டு பொண்டாட்டியைக் கட்டி வெச்சா எந்த வங்காளி வாங்குவார்?"

"பிரம்மச்சாரின்னா பிள்ளையார்தானே?"

"அவருக்குத்தான் இங்கே கல்யாணம் ஆயிடுச்சு! வாழைக்கன்னுக்குப் புடவை கட்டிப் பக்கத்துல நிறுத்துவாங்க. துர்கா பூஜையில பார்த்ததில்லையா?"

"நான் வந்து இன்னும் ஒரு பூஜைகூட ஆகலையே..."

கும்பகோணத்துக்காரன். பெயர் வைத்தீஸ்வரன். ரெயில்வே ஆபீஸ் வேலைக்கென்று மாமா வரவழைத்தார். கோயில் சந்தில் படம் எழுதுகிறவர்களைப் பார்த்த பிறகு ஆபீசுக்குப் போக அவனுக்குக் கால் வரவில்லை. 'என் முகத்தில் விழிக்காதே' என்றுவிட்டார் மாமா.

அடுத்து எழுதிய பிரம்மச்சாரிக் கார்த்திக் உடனே விற்றுப்போனார். அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை தவறாமல் ஜலஜாவுக்குக் காளியின்மேல் பக்தி பெருகியது. விவரம் தெரியாத அம்மா பூரித்துப் போனாள்.

பூஜை முடிந்ததும் வைத்தீஸ்வரன் நேரே வீட்டுக்கு வந்து பெண் கேட்டுவிட்டான். சணல் கம்பெனி தலைமைக் குமாஸ்தாவான அவள் அப்பா நடராஜ முதலியார் சத்தம் போடவில்லை.

"தம்பி, உங்க குணம் எனக்குப் பிடிச்சிருக்கு. பிரஷைக் கீழே வெச்சுட்டுத் திங்கட்கிழமை என் ஆபீசுக்கு வாங்க. தை மாசம் கல்யாணத்தை வெச்சுக்கலாம்."

கதவுக்குப் பின்னால் நின்ற ஜலஜா, அவன் மறுத்துவிடுவான் என்று நினைத்தாள்.

"சரிங்க" என்றான் அவன்.

ஆசைப்பட்டதுதான் கைகூடிவிட்டது... ஆனால் அவள் ராத்திரிச் சாப்பாட்டைத் தொடாமல் எழுந்துவிட்டாள். அந்த இடத்தில் 'மாட்டேன்' என்று அவன் சொல்லியிருந்தால் அழுதிருப்பாள். இருந்தாலும் நிம்மதியாக அழுதிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு ஓடினாள். வண்ணக் கிண்ணங்களைப் பக்கத்துக் கடைக்காரரிடம் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"என்ன பண்றீங்க?"

"எல்லாம் உனக்காகத்தான், ஜலஜா..."

"பழியை என் தலையில கட்டாதீங்க! நாளைக்கு ஆபீஸ்லேர்ந்து களைச்சு வந்து என் மூஞ்சியைப் பார்க்கிறப்போ, 'எல்லாம் இவளாலதான்'னு தோணும். அதை என்னால தாங்க முடியாது."

"உங்கப்பா..."

"நேத்தே சொல்லிட்டேன். படக்காரரா வந்தாத்தான் கட்டிப்பேன், அரிசி பருப்புக்கு என் பள்ளிக்கூடச் சம்பளம் இருக்குன்னேன். அப்புறம் என்கிட்டே பேசவே இல்லை... இன்னிக்குக் காலையில, 'அந்தப் படக்காரரைச் சாப்பிட வரச்சொல்லு'ன்னார்."

அவன் கண்கள் நிறைந்துவிட்டன. கொடுக்க எடுத்த கிண்ணத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான்.

"இன்னும் என்ன யோசனை?"

"யோசனை இல்லை... விட்டுடு, விட்டுடுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. விடாதேன்னு சொன்ன ஒரே ஆள் நீதான்." குரல் உடைந்தது. "உன்மேல உயிரையே வெச்சிருக்கேன், ஜலஜா..."

அவள் பக்கத்துக் கடைக்காரரிடமிருந்து கிண்ணங்களைத் திரும்ப வாங்கி, ஒவ்வொன்றாக அவன் எதிரில் வைத்தாள். முகம் சிவந்திருந்தது.

"நானும்தான்... கிளம்புங்க, அப்பா சாப்பிடாம காத்துட்டிருக்கார்."