ஆறேகால் பஸ்

பாலக்கோடு மண்டியில் தக்காளியை இறக்கிவிட்டு மாதவராஜ் வீடு திரும்பியபோது மணி ஆறைத் தாண்டியிருந்தது. கார்த்திகை மாதம். அதற்குள் இருட்டிவிட்டது. காலிக் கிரேடுப் பெட்டிகளை வாசலில் இறக்கி அடுக்கினான். ஈர மண்ணும் அழுகிய தக்காளியும் கலந்த வாடை அடித்தது.

சாலையில் ஆறேகால் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

தோட்டத்திலிருந்து ஒரு மணி கிணுகிணுத்தது.

கை அப்படியே நின்றது. அது கரியனின் கழுத்துமணி. கரியனைத் தோட்டத்தில் புதைத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

கரியன் அவன் மனைவி சுகுணா வளர்த்த நாய். தருமபுரியில் மருந்துக்கடை வேலை முடிந்து அவள் அந்த பஸ்ஸில்தான் வருவாள். கரியன் சாலைக்கு ஓடிப்போய், அவளுடைய சாப்பாட்டுப் பையை வாயில் கவ்வி, அவள் நடைக்கு நடை சேர்ந்து வரும். எட்டு மாதம் முன்பு காய்ச்சல் கண்டு நான்கே நாளில் அவள் போய்விட்டாள். கரியன் மட்டும் பஸ்ஸுக்குப் போவதை விடவில்லை. வெறும் வாயோடு ஓடிவந்து மூலையில் சுருண்டுகொள்ளும். கடைசியில் தக்காளிக் கொடிக்குள் பாம்பு தீண்டிச் செத்தது.

மாதவராஜ் அவளுக்கும் அழவில்லை. நாய்க்கும் அழவில்லை.

மணிச் சத்தம் சாலைப் பக்கம் ஓடியது. பஸ் நின்றது, கிளம்பியது. சத்தம் திரும்பி வந்தது.

மெதுவாக.

தனியாக வந்தால் கரியன் ஓடித்தான் வரும். இப்படி நடப்பது ஒருத்தி கூட வரும்போது மட்டும்தான்.

வாசல்படி வரை வந்து மணி நின்றது. விளக்கு வெளிச்சத்தில் எதுவும் இல்லை.

மறுநாள் காலை கூலிக்குத் தக்காளி பறித்துக்கொண்டிருந்த காசியம்மாள் கேட்டாள்:

"நாய்க்கு ஒரு சொட்டுக் கண்ணீராவது விட்டீங்களா தம்பி? பொண்டாட்டி போனப்பவே கல்லு மாதிரி நின்ன ஆளாச்சே!"

"மணிச் சத்தம் கேக்குதுங்க" என்றான் அவன்.

அவள் கை நின்றது. "கழுத்துப் பட்டைய அவுத்துட்டுத்தானே பொதச்சீங்க?"

"இல்லீங்க. அப்படியே வச்சிட்டேன்."

"அட போங்க! செத்த மாட்டுக்குக்கூட மூக்கணாங்கயித்த அவுத்துட்டுத்தான் குழியில எறக்குவோம். காலேஜ் வரைக்கும் போன ஆளு, இது தெரியாதா? கட்டோட போனா எங்க போவும்? வூட்டத்தான் சுத்தும். போய் அவுத்துடுங்க."

அவன் அவிழ்க்கவில்லை. அவிழ்த்தால் மணி வராது. மணி வராவிட்டால் கூட நடந்து வருகிறவளும் வரமாட்டாள்.

இரண்டு நாள் மாலை வாசலில் உட்கார்ந்து காத்திருந்தான். மணி வந்தது. மெதுவாகத்தான் வந்தது.

மூன்றாம் நாள் படியருகே மணி நின்றதும் ஒரு முனகல் கேட்டது.

சங்கிலியில் கட்டிப்போட்டால் கரியன் அப்படித்தான் முனகும். அவிழ்த்து விடச் சொல்லி.

"சுகுணா..." என்று மெல்லக் கூப்பிட்டான்.

முனகல் மட்டும் நீண்டது.

விடிந்ததும் மண்வெட்டியோடு போனான். குழியைத் தோண்டத் தோண்ட நாற்றம் ஏறியது. துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு, விரலால் மண்ணை விலக்கிப் பட்டையைத் தொட்டான். மணியைப் பட்டையோடு சேர்த்துத் தைத்திருந்தது சுகுணாவின் சிவப்பு நூல். கொக்கியைக் கழற்றினான்.

"போடா கரியா" என்றான். "அவளையும் கூட்டிட்டுப் போ."

அப்போதுதான் அழுகை வந்தது. எட்டு மாத அழுகை. குழிமேட்டில் குப்புற விழுந்து அழுதான். தூரத்தில் கொடிகளுக்கு நடுவே காசியம்மாள் முதுகைத் திருப்பிக்கொண்டு தக்காளி பறித்தபடியே இருந்தாள்.

அன்று ஆறேகால் பஸ் வந்தது. நின்றது. போனது.

மணி கேட்கவில்லை.

பட்டை அவன் மடியிலேயே கிடந்தது. வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, தண்ணீர் குடிக்க உள்ளே போனான். திரும்பி வந்தபோது வாசல்படியில் ஒரு பை இருந்தது.

சுகுணாவின் சாப்பாட்டுப் பை. எட்டு மாதம் முன்பு பீரோவில் வைத்துப் பூட்டியது. சாவி அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. தொட்டுப் பார்த்தான்.

குனிந்து பையை எடுத்தான்.

கைப்பிடி எச்சில் ஈரத்தோடு வெதுவெதுவென்று இருந்தது.