இருபது விநாடி

ஐந்தரைக்கு முப்பது நிமிடம் மிச்சம் காட்டவேண்டிய பற்றறி நாற்பத்தொன்று காட்டியது.

ஆரணி கொப்பியைத் திரும்பப் பார்த்தாள். பற்றறி நூற்றைம்பது வாட்மணி. கமெராவும் படத்தை வெளியே அனுப்பும் கருவியும் சேர்ந்து எழுபத்தைந்து வாட் குடிக்கும். கடதாசியில் இரண்டு மணித்தியாலம். பழசென்று கால்வாசி கழித்தால் ஒன்றரை. நாலரைக்குக் கமெராவில் பூட்டியது. ஐந்து நிமிடத்துக்கு முன் முப்பத்தைந்து என்று தன் கையாலேயே எழுதியிருந்தாள். இறங்கத்தான் வேண்டும். ஏறியிருந்தது.

நீர்வேலியில், வாழைத்தோட்டத்துக்குள் பல வருசம் பூட்டிக்கிடந்த அந்த வீட்டில், மழை இலைகளில் விழுந்து ஓட்டில் விழுந்து பிறகு சுவருக்குள்ளேயே எங்கோ விழுவதுபோலக் கேட்டுக்கொண்டிருக்க, ஈரச் சுண்ணாம்பும் வௌவால் எச்சமும் மணத்த முன்னறையில் அவள் சின்னத் திரையோடு குந்தியிருந்தாள். உள்ளறையில் அவளுடைய தமையன் ஜெயதீபன் வெறுங்கதிரை ஒன்றைப் படம்பிடித்துக்கொண்டிருந்தான். பொழுதுபட்டுக் கதிரை இருளில் மறையும்வரை வெட்டில்லாத ஒரே காட்சி. இடையில் மாற்றினால் கமெரா அசையும் என்றுதான் சின்னப் பற்றறிகளை விட்டுப் பெரியதைத் தெரிந்தெடுத்தாள். படக்குழுவில் மற்றவர்கள் பக்கத்துத் திருநெல்வேலிக்குச் சாப்பாடு எடுக்கப் போயிருந்தார்கள்.

உள்ளறையோடு பேசும் வோக்கியை அழுத்தினாள். "அண்ணை, நிமிசம் ஏறுதண்ணை."

"ஏறட்டுமன். உன்ரை கொப்பி பிழைச்சிருக்கும்."

"நான் பிழை விடுறேல்லை."

"ஓமோம். கணக்குக்கு முப்பத்திரண்டு எடுத்த ஆளெல்லே."

சிரித்தாள். ஐம்பத்தெட்டு. எழுபத்துநாலு. பற்றறி சூடானால் சிலவேளை கூடக் காட்டும்.

"உள்ளுக்கை வெக்கையோ அண்ணை?"

"இல்லை. சரியாக் குளிருது." வோக்கி சிறிது நேரம் இரைந்தது. "எடியே, உந்தக் கதிரையை முன்னுக்கு இழுத்தனியோ?"

"நான் உள்ளுக்கு வரவேயில்லை."

மறுபடி கூப்பிட்டாள். இரைச்சல் மட்டும்.

காலையில் முழுதாகச் சார்ஜ் ஏற்றி, பச்சை ரேப் நாடா ஒட்டி அடுக்கியிருந்த நாலு பற்றறிகளையும் எடுத்து ஒவ்வொன்றாகப் பொத்தானை அழுத்தினாள். ஒரு வெளிச்சமும் வரவில்லை. கைபேசியும் செத்துக் கிடந்தது. திரையில் நூற்றுப்பன்னிரண்டு. அடுத்த கணம் திரையும் அணைந்தது.

எழுந்து ஓடினாள்.

உள்ளறையில் யன்னலின் சாம்பல் வெளிச்சம் மட்டும். கமெராவின் சிவப்புப் புள்ளி எரிந்தது. ஜெயதீபன் பார்வைக்குழாயில் கண்ணை வைத்துக் குனிந்தபடி நின்றான். அசைவில்லை. மணிக்கட்டைப் பிடித்தாள். வெட்டிப்போட்ட வாழைத்தண்டின் குளிர். நாடியைத் தேடினாள், அகப்படவில்லை. பற்றறியின் முதுகில் நிமிடங்கள் ஏறிக்கொண்டிருந்தன. நூற்று நாற்பது. நூற்று நாற்பத்திரண்டு.

இவனைக் குடிக்குது.

கழற்ற வேண்டும். ஆனால் அவர்களுக்குள் ஒரு ஒழுங்கு இருந்தது: ஓடுகிற கமெராவில் பற்றறியைத் தொட முன் கேட்கவேண்டும், கமெராக்காரன் ஓம் சொல்லவேண்டும். ஏழு வருசப் பழக்கம். வாய் தானாகவே கேட்டது.

"அண்ணை, கழட்டுறன். சரியோ?"

"ஓம்." குனிந்த தலை நிமிரவில்லை.

கழற்றினாள்.

மாற்றும் இடைவெளிக்கென்று கமெராவுக்குள் சின்னப் பற்றறி ஒன்று உண்டு. இருபது விநாடி தாங்கும். அதில் எரிந்துகொண்டிருந்த கமெராவின் பக்கத்துத் திரையை அப்போதுதான் பார்த்தாள்.

கதிரையில் ஜெயதீபன் இருந்தான்.

இங்கே நின்றவன் போட்டிருந்த அதே நீலச் சேட்டு. வாய் திறந்து திறந்து மூடியது, சத்தமில்லை. இரண்டு கையையும் அவளை நோக்கி ஆட்டினான். வேண்டாம். கழட்டாதை.

தலையை நிமிர்த்தி எதிரே பார்த்தாள். கதிரை வெறுமை.

திரையில் இருந்தான்.

பதினாலு விநாடி.

பற்றறியைத் திரும்பக் கொண்டுபோனாள். கை போகவில்லை. அவள் நாடி தேடிய அந்தக் குளிர்ந்த கை திரும்பி, இப்போது அவள் கையைப் பிடித்திருந்தது.

"விடு... விடு!"

ஒன்பது.

பற்றறியை மற்றக் கைக்கு மாற்றினாள். அந்தக் கையையும் பிடித்தது. மெதுவாக. அவசரமில்லாமல்.

நாலு.

திரையில் அவன் கையாட்டுவதை நிறுத்திவிட்டான். அவளையே பார்த்தான். சின்ன வயதில் கிணற்றுக்குள் தவறி விழுந்து, மேலே அவள் முகத்தைப் பார்த்ததுபோல.

திரை அணைந்தது.

மழை. வேறொன்றுமில்லை. பிறகு, அவள் கையைப் பற்றியிருந்த குளிர்ந்த விரல்கள், ஒன்றன்பின் ஒன்றாக, சூடேறத் தொடங்கின.