ஆறாவது சுருள்

லெம்பித் காலைக் கஞ்சியை முடிக்கும் முன்பே ஊலே வந்து நின்றாள். எஸ்தோனியாவின் கடலோர ஊரான ஹாப்சாலுவில் திரைப்பட விழா நடத்துகிறவள் அவள். முகம் வெளிறிக் கிடந்தது.

“இன்னிக்குப் போடவேண்டிய படத்தோட கடைசிச் சுருளைக் காணோம், சார். டப்பா இருக்கு, உள்ள ஒண்ணுமில்ல.”

லெம்பித் ஓய்வுபெற்ற காவல் அதிகாரி. விழாவுக்குப் படம் பார்க்க வந்தவர். முன்பு அவருக்குக் கீழே பணியாற்றி, இப்போது உடன் வந்திருந்த மரேத், கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டாள்.

“உட்காரு. முதல்ல அவங்க சொல்லி முடிக்கட்டும்,” என்றார்.

சோவியத் காலத்தில் எடுத்த படம் அது. சுவீடனுக்குப் படகில் தப்பிப்போனவனின் மனைவியைப் பற்றிய கதை. கடைசிச் சுருளை யாரும் போட்டுப் பார்ப்பதற்குள் அதிகாரிகள் படத்தை முடக்கினார்கள். இயக்குநர் அந்த ஏக்கத்தோடே செத்துப்போனார். இந்த வசந்தத்தில்தான் ஒரு பழைய கிடங்கில் பெட்டி அகப்பட்டது. மனைவியாக நடித்த சால்மேக்கு அப்புறம் யாரும் வேடம் தரவில்லை. எண்பதைத் தாண்டிய அவள், தன் கடைசிக் காட்சியைப் பார்க்கத் தீவிலிருந்து கப்பலேறி வந்திருந்தாள்.

தாவி என்ற இளைஞன்தான் விழாவில் படம் ஓட்டுபவன். தன் அறையில் கையைப் பிசைந்துகொண்டிருந்தான்.

“நேத்து அஞ்சு சுருளைச் சரிபார்த்தேன். ஆறாவதை இன்னிக்குப் பார்க்கலாம்னு விட்டேன். நேத்து சாயங்காலம் சால்மே அம்மாவும், இந்தப் படத்தோட ஒளிப்பதிவாளர் கால்யோவும் பார்க்க வந்தாங்க. அவங்களை விட்டுட்டு நான் காபி வாங்கப் போனேன்.”

லெம்பித் காலி டப்பாவை முகர்ந்தார். “வினிகர் மாதிரி நெடி.”

“பழைய பிலிம் கெட ஆரம்பிச்சா அப்படித்தான். துணியில பட்டா லேசுல போகாது.”

வெளியே வந்ததும் மரேத் கிசுகிசுத்தாள்: “இவன்தான் சார். வித்திருப்பான்.”

“கெட்டுப்போன ஒத்தைச் சுருளை யாரு வாங்குவா? நீயா?”

சால்மேயும் கால்யோவும் கடலோரக் காபிக்கடையில் இருந்தார்கள்.

“முழுக்க என் முகம்தான். கடலைப் பார்த்து, தப்பிப்போன புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுற காட்சி,” என்றாள் சால்மே. “நடிச்சு முடிச்சப்ப இயக்குநர் ‘கட்’ சொல்ல மறந்து நின்னார். என் வாழ்க்கையில நான் நடிச்சதுன்னா அது ஒண்ணுதான்.”

“விடு சால்மே. அதுல பார்க்க ஒண்ணுமில்ல,” என்றார் கால்யோ.

மரேத் மூக்கைச் சுளித்ததைக் கவனித்து, அவரே சொன்னார்: “காலையில வினிகர்ல ஊறவச்ச மீன் சாப்பிட்டேன்.”

மதியம், காலியான அரங்கில் எல்லோரையும் உட்காரவைத்தார் லெம்பித்.

“ஊறவச்ச மீன்னா வெங்காயமும் மிளகும் சேர்ந்து மணக்கும். உங்க கோட்டுல வெறும் வினிகர்தான், கால்யோ. டப்பாவுல இருந்த அதே நெடி. ஆனா என்னை உறுத்தினது வேற. யாருமே பார்க்காத சுருள் அது. தான் படம்பிடிச்ச காட்சியை ‘பார்க்க ஒண்ணுமில்ல’ன்னு எந்த ஒளிப்பதிவாளரும் சொல்லமாட்டான். நிஜமாவே ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சாத்தான் அப்படி வாயில வரும்.”

கால்யோ பைக்குள்ளிருந்து சுருளை எடுத்து நாற்காலியில் வைத்தார்.

“அப்ப அதிகாரிங்க என்னைக் கூப்பிட்டு மிரட்டினாங்க. அந்தக் காட்சி வந்தா இயக்குநரை ஜெயில்ல போடுவோம்னாங்க. லேப்ல கழுவுறதுக்கு முன்னாடி பிலிமை வெளிச்சத்துல பிரிச்சுட்டேன். இதுல ஓடுறது முழுக்க வெள்ளைதான். எப்படியும் படத்தைப் பூட்டிட்டாங்க. அப்புறம் எப்படிச் சொல்றது? நேத்து எடுத்ததுமே எரிச்சிருக்கலாம். கை வரல.”

இத்தனை வருஷம் காத்திருந்தது வெறும் வெளிச்சத்துக்கா என்று கேட்பதுபோல் சால்மே சுருளையே பார்த்தாள்.

“அவரைக் காப்பாத்தினே. சரி. எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு வருஷமும் என் வீட்டுக்கு வந்து காபி குடிச்சியே.”

கால்யோ சுருளை அவள் பக்கம் நகர்த்தினார்.

“நான் உன்னை மன்னிக்கல, கால்யோ.” தாவியின் பக்கம் திரும்பினாள். “தம்பி, இந்தச் சுருள் ஓடுமா?”

“ஒரு தடவை தாங்கும்மா.”

“அப்ப ஓட்டு.”

அன்று மாலை அரங்கு நிரம்பியிருந்தது. ஐந்தாவது சுருள் முடிந்ததும் திரை வெண்மையானது. சால்மே மெல்ல எழுந்துபோய் அந்த வெளிச்சத்தில் நின்றாள். முன்வரிசையில் கால்யோ எழுந்து, தயங்கி, கையை உயர்த்தினார்.

“கொஞ்சம் இடது பக்கம், சால்மே. முகத்துல நிழல் விழுது.”

அவள் இடது பக்கம் நகர்ந்தாள். பிறகு, எதிரே கடல் இருப்பதுபோல் பார்த்துக் கணவனின் பெயரைச் சொல்லி அழைத்தாள்.