ஆறினாலும் கிழியாத தாள்

ஹைட்ரஜனைப் பிரித்தெடுக்கும் வடிகூண்டு நானூறு டிகிரியில் கொதித்துக்கொண்டிருந்தது. பதினோரு வருஷமாக அதே நானூறுதான். முந்நூறுக்குக் கீழே ஒரே ஒரு தடவை இறங்கியது. அந்தக் கதையை எடுத்தால் தூத்துக்குடியில் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

பழைய மேலாளர் பெரிய பக்திமான். ஆயுத பூஜையன்று கத்திரிக்கோலுக்கும் சைக்கிளுக்கும்கூட ஓய்வு கொடுக்கிற ஊரில், ஊருக்கே எரிபொருள் தருகிற கூண்டு மட்டும் ஓடலாமா என்று, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, பக்தியோடு ஸ்விட்சை அணைத்துவிட்டார்.

கூண்டுக்குள் இருந்தது வடிதாள். பீங்கான் குழாய்மேல் பல்லேடியம் என்கிற உலோகத்தை, மயிரிழையில் இருபதில் ஒரு பங்கு கனத்துக்குப் பூசிய தோல் அது. கப்பலில் வரும் அம்மோனியாவைச் சூட்டில் உடைத்து அதன்மேல் விட்டால், ஹைட்ரஜன் மட்டும் உலோகத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வரும். வேறு எந்த வாயுவுக்கும் வழி கிடையாது. சூடாக இருக்கும்வரை தங்கமான தாள். ஆறிவிட்டாலோ, அதே ஹைட்ரஜனைக் குடித்து, மழையில் நனைந்த கதவு மாதிரி உப்பிக் கிழிந்துபோகும். அன்றைக்குக் கிழிந்தது. பஸ், ஆம்புலன்ஸ், விசைப்படகு எல்லாம் எரிபொருள் இல்லாமல் ஒன்பது நாள் நின்றன. சாமி காரியமாயிற்றே, திட்டவும் முடியவில்லை!

அதற்குப் பிறகு வந்ததுதான் சட்டம்: தாள் பூசத் தெரிந்த ஒருவர் எந்நேரமும் கூண்டருகில் இருக்க வேண்டும். ஊரில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். சண்முகக்கனியும் அவள் புருஷன் சுடலைமணியும். அவள் பன்னிரண்டு மணி நேரம், அவன் பன்னிரண்டு மணி நேரம். அவள் கேட்டுக்குள் நுழையும்போது அவன் வெளியே வருவான்.

"கொழம்பு அடுப்புல இருக்கு. சூடு பண்ணிச் சாப்பிடுங்க."

"நீ சாப்பிட்டியா புள்ள?"

"எங்க? வந்துதான் சாப்பிடணும்."

இதுதான் அவர்கள் குடும்பம் நடத்திய லட்சணம். புருஷனோடு ஒரு முழு நாள் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அதற்காகவே ஆறினாலும் கிழியாத தாளைச் செய்து காட்டுகிறேன் என்று பிடிவாதம் பிடித்தாள். பல்லேடியத்தோடு கால் பங்கு வெள்ளி சேர்த்தாள். கூடவே இன்னும் ஒரு உலோகத்தில் ஒரு சிட்டிகை. பூசிய குழாயைச் சுட வைத்து, ஹைட்ரஜனிலேயே ஆறவிட்டு, தண்ணீரில் முக்கி உள்ளே காற்றடிப்பாள். ஒரே ஒரு குமிழி வந்தாலும் ஓட்டை என்று அர்த்தம். மூன்று வருஷத்தில் நாற்பத்தொரு குழாய் குமிழி விட்டது. நாற்பத்திரண்டாவது விடவில்லை.

கூண்டில் அந்தத் தாளையே பொருத்தி, அந்த வருஷம் ஆயுத பூஜையன்று அணைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. புது மேலாளர் செல்வினுக்கு வியர்த்து ஊற்றியது.

"அக்கா, கிழிஞ்சா என் வேலை போயிரும்."

"என் வேலை மட்டும் தங்குமா சார்? அணைங்க."

சூடு காட்டும் முள் இறங்கியது. முந்நூறு. இருநூறு. சண்முகக்கனிக்கு நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. முற்றத்தில் சுற்றிச் சுற்றி வந்தாள். முள் முப்பதைத் தொட்டதும் சுடலைமணி அவள் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப் போனான். இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அவன் கேட்டான்:

"அடுப்புலேருந்து எறக்குனதும் தின்னா கொழம்பு இப்படியா இருக்கும்?"

அவள் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மறுநாள் காலை கூண்டைச் சூடேற்றினார்கள். கசிவு இல்லை. ஒரு பொட்டுக்கூட இல்லை! சண்முகக்கனி எல்லோர் முன்னாலும் வாய்விட்டு அழுதாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

அடுத்த மாதம் தலைமை அலுவலகம் போய்வந்த செல்வின் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"மின்சாரம் மலிவா இருக்கிற நேரம் மட்டும் ஓட்டுனாப் போதுமாம் அக்கா. மத்த நேரம் அணைச்சுப் போடச் சொல்லிட்டாங்க."

"அப்ப நாங்க?"

"ஓடும்போது ஒரு ஆள் போதும். தாள் இனிமே கிழியாதுல்லா, யாரு பாத்தாலும் சரிதானாம். வேலை கேட்டுக் கேட்டுல வந்து நிக்கறவங்கள்ல யாரு முதல்ல உள்ள வாறாங்களோ, அவங்களுக்கு அன்னைக்கு வேலை."

சண்முகக்கனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேன்டீன் சோறு புளித்தபோதும், சம்பளம் தள்ளிப்போனபோதும், "நாங்க எந்திரிச்சுப் போறோம்" என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்; கம்பெனி நடுங்கும். அதையே இப்போதும் சொன்னாள்.

"ரெண்டு பேரும் எந்திரிச்சுப் போறோம் சார். என்ன பண்ணுவீங்க?"

செல்வின் தலை குனிந்தான். "போனா கூண்டு ஆறிக் கெடக்கும் அக்கா. ஒண்ணும் ஆகாது."



இப்போது கேட்டருகில் தினமும் பத்துப் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள். பகலில் சண்முகக்கனி நிற்கிறாள், பொழுது சாய்ந்ததும் சுடலைமணி வந்து அவள் இடத்தைப் பிடிக்கிறான். கூண்டு எப்போது சூடேறும் என்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் குடிக்கக்கூட யாரும் நகர்வதில்லை.

ஒரு நாள் அப்படி நிற்கும்போது அவள் போன் அடித்தது. நாகப்பட்டினம் கூண்டிலிருந்து, முன்பின் தெரியாத ஒரு பெண்.

"அக்கா, நாந்தான் வேதவல்லி பேசுறேன். நாளைக்கு எங்க கூண்டுக்கும் உங்க தாள் வருதாம்! கல்யாணம் ஆகி ஏழு வருஷம் கழிச்சு, எங்க வீட்டுக்காரரோட ஒரு நாள் சேந்து இருக்கப் போறேங்க்கா. நீங்க நூறு வயசு நல்லா இருக்கணும்!"

"தாயி, நான் சொல்றதக் கேளு. பழைய தாளைக் கழட்ட விடாதீங்க. அதுக்கு முன்னால கம்பெனிக்காரன்கிட்ட எழுதி..."

உள்ளே சங்கு ஊதியது. கேட் திறந்தது. கூட்டம் முண்டியடித்து ஓடியது.

"என்ன எழுதி வாங்கணும்? அக்கா? அக்கா!"

சண்முகக்கனி போனை இடுப்பில் செருகிக்கொண்டு, முன்னால் போன கிழவரை ஒரு கையால் தள்ளிவிட்டு ஓடினாள்.