பன்னிரண்டாவது வரி

பதினொன்று வரவேண்டிய இடத்தில் பன்னிரண்டு வந்திருந்தது.

அந்த ஒலிப்பதிவுக் கூடத்துக் கணினியில் இருந்த ஒலி மென்பொருட்கள் பதினொன்றுதான். எல்லாம் கூடத்தின் சொந்தக்காரர் தன் கையால் ஏற்றியவை. பழுதானால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி மறுபடி ஏற்ற இரண்டு நாள் பிடிக்கிறது என்று, அந்த வேலையைத் தானாகவே செய்கிற ஒரு ஸ்கிரிப்டை, கணினிக்கான கட்டளைத் தொடரை, எழுதியிருந்தார். அது இருப்பதையெல்லாம் பட்டியல் போட்டு வேறு டிஸ்க்கில் நகல் எடுக்கும். கணினியிலிருந்து அடியோடு நீக்கும். பிறகு நகலிலிருந்து திரும்ப வைக்கும். பட்டியலின் கடைசி வரியில் பெயர் இல்லை, அளவு மட்டும் இருந்தது. அவர் இருமினார். அளவு கொஞ்சம் கூடியது.

வேறு யாராவது என்றால் தற்செயல் என்று விட்டிருப்பார்கள். அவர் மருமகனைச் சந்தேகப்பட்டார்.

எட்டாவதோடு படிப்பை விட்டு, சூட்டுக்கோலால் கம்பி பற்றவைத்தே, கட்டைவிரலில் தழும்பும் பாதி நகமுமாக, இந்தக் கூடத்தை எழுப்பிய மனுஷன். எவனையும் நம்பமாட்டார். குரல் கொடுக்க வருகிறவர்கள் மைக்கைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பேசும் அறையின் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டு வைத்திருந்தார். வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் பூட்டுக்காரர். அதே கூடத்தில் ஒலி சேர்க்கிற பையனைத்தான் மகள் விரும்பிக் கட்டிக்கொண்டாள். மூன்று வருடமாக மாமனார் அவனிடம் வாயைத் திறக்கவில்லை. ஏதாவது சொல்லவேண்டுமானால் சீட்டில் எழுதி மேசையில் வைப்பார்.

அன்று சனிக்கிழமை காலையில் மகள் வந்து நின்றாள்.

"வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்குப்பா. இன்னைக்கு மதியம் கூடத்த மூடுறதுக்குள்ள அவர்கிட்ட ஒரு வார்த்த பேசுங்க. பேசினா இருக்கோம். இல்லன்னா திங்கக்கிழமை கிளம்புறோம்."

அவருக்கும் பேசலாம் என்றுதான் இருந்தது. தொண்டை வரைக்கும் வந்த வார்த்தையை விழுங்கிவிட்டுக் கணினி முன் உட்கார்ந்துவிட்டார்.

மற்றவர்கள் எழுதும் ஸ்கிரிப்ட், அழிப்பதற்கு முன் ஒருமுறை கேட்கும், நீக்கலாமா என்று. அவர் அந்த வரியை எடுத்துவிட்டிருந்தார். ஒரு பெட்டி தன்னைக் கேள்வி கேட்பதா? அவன் எதைத் திணித்திருந்தாலும் போய்த் தொலையட்டும் என்று பொத்தானைத் தட்டினார். நகல் எடுத்தாயிற்று. நீக்கியாயிற்று, பன்னிரண்டும். திரும்ப வைக்கத் தொடங்கியது.

ஸ்கிரிப்ட் 'சரி' என்று சொன்னால் அதை நம்புகிற ஆளும் இல்லை அவர். திரும்ப வந்தவை ஒலியைச் சரியாகப் பிடிக்கின்றனவா என்று மைக் முன் கைதட்டிச் சோதித்தால்தான் ஆறும். விளக்கு ரீங்காரம் போடும், அதை மைக் இழுத்துக்கொள்ளும் என்று வெளியறையிலிருந்தே பேசும் அறை விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போனார். கனத்த கதவு பின்னால் சாத்திக்கொள்ள, சுவரில் ஒட்டிய பஞ்சுப் பலகைகளின் பழைய பசை வாசமும், எத்தனையோ பேர் விட்ட மூச்சின் புழுக்கமும், நடுவிலிருந்த கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வெளியறை வெளிச்சத்தில் தனியாகச் சுழன்றுகொண்டிருந்த மின்விசிறியின் நிழலுமாக அந்த இருட்டு அவரைச் சுற்றி மெல்ல அடங்கியது. வெளியே கேட்பதைத் தெரிந்துகொள்ள, வெளியறை மைக்கோடு இணைந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டார். மின்விசிறியின் கிறீச்சுச் சத்தம் காதில் சுத்தமாக விழுந்தது.

கைதட்டினார்.

சத்தமே வரவில்லை.

உள்ளங்கை எரிகிற மாதிரி மறுபடி தட்டினார். வலித்தது, அவ்வளவுதான். "ஹலோ" என்றார். நாக்கு அசைந்தது, உதடு குவிந்தது, நெஞ்சில் அதிர்வுகூட இல்லை. காது அடைத்துவிட்டதோ என்றால், மின்விசிறி கேட்கிறதே. கண்ணாடி வழியாகக் கணினித் திரையைப் பார்த்தார். பதினொன்று முடிந்திருந்தது. பன்னிரண்டாவது வரி நிரம்பிக்கொண்டிருந்தது.

ஹெட்போனில் யாரோ இருமினார்கள்.

அவருடைய இருமல்.

வெளியறையில் ஆள் இல்லை. சத்தம் அதற்கும் அப்பால், நடைவழியிலிருந்து வந்தது. நடைவழி அவர் நின்ற இடத்திலிருந்து தெரியாது. மகள் கைப்பையோடு வெளியறைக்குள் வந்தாள்.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"இங்கதாம்மா" என்றது நடைவழி.

மகள் அந்தப் பக்கம் திரும்பினாள். அவர் கண்ணாடியை அறைந்தார். சத்தமில்லை. மகள் ஒருதரம் கண்ணாடியைப் பார்த்துத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். உள்ளே இருட்டு, வெளியே வெளிச்சம். அவளுக்கு அவள் முகம்தான் தெரிந்திருக்கும்.

"மாப்பிள்ளைகிட்ட பேசிட்டேன்மா. தப்பு என் மேலதான். எங்கயும் போகாதீங்க."

மூன்று வருடமாக அவர் வாயிலிருந்து வராத சொல், அவர் குரலிலேயே, எவ்வளவு லேசாக வந்துவிட்டது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். சின்ன வயதில் சிரித்தது போல.

"இத சொல்ல இவ்ளோ நாளாச்சா உங்களுக்கு?"

"ஆச்சு. வா, போலாம். அந்தத் தாழ்ப்பாளப் போட்டுடு."

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கதவுக்கு ஓடினார். காலில் மைக் கம்பம் தட்டி விழுந்தது. சத்தமில்லை. கைப்பிடியைத் திருப்பினார். திரும்பியது. தள்ளினார்.

நகரவில்லை.

நாலு விரற்கடைப் பலகைக்கு அந்தப் பக்கம் மகள். பெயர் சொல்லிக் கத்தினார். காற்றுதான் போனது. தோளால் மோதினார். மோதினார். ஞாயிறு விடுமுறை. திங்கள்தான் திறப்பார்கள். திறந்தாலும் யார் தேடுவார்கள்? அப்பாதான் வீட்டில் இருப்பாரே.

கண்ணாடிக்குத் திரும்பி ஓடி வந்தார்.

மகள் நடைவழியில் இறங்கிவிட்டாள். வெளியறை காலி. வாசல் ஓரமாக ஒரு கை மட்டும் உள்ளே நீண்டு, சுவரில் விளக்குப் பொத்தானைத் தேடியது. சூட்டுக்கோல் தழும்போடு, பாதி நகம் போன கட்டைவிரல்.

பொத்தான் மேல் அது கொஞ்ச நேரம் நின்றது.

இவர் தன் கட்டைவிரலைத் தடவிப் பார்த்தார். விரல் இருக்கவேண்டிய இடத்தில் எதுவும் தட்டுப்படவில்லை.

விளக்கு அணைந்தது.